1,000 எச்.பி. டீசல் டிரக்: டைனோ ஷீட்டில் இருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது?

இந்த வீடியோவை ஏதாவது ஒரு ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓர் அமெரிக்க பிக்அப் டிரக்கை உருளைகள் மேல் நிறுத்தி, சங்கிலியும் பட்டையும் போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். சக்கரம் அசுர வேகத்தில் சுற்றும், வண்டி நகராது. சில நொடிகள் காதைக் கிழிக்கும் சத்தம். பிறகு திரையில் ஓர் எண் வரும்: 1,000 எச்.பி., 1,500, சில சமயம் 2,000-க்கும் மேல். கமெண்ட்டில் பாதிப் பேர் 'மாஸ்' என்பார்கள், மீதிப் பேர் 'ஃபேக்' என்பார்கள்.

அந்த எண் எப்படி உருவாகிறது, அதில் எவ்வளவை நம்பலாம் என்பதைப் பார்ப்போம். நம்ம ஊரில் டீசல் காருக்கு 'ரீமேப் செய்தால் இவ்வளவு பவர் கூடும்' என்று உங்களிடம் நீட்டப்படும் தாளைப் படிக்கவும் இதே கணக்குதான் உதவும்.

டைனோ என்ன செய்கிறது?

டைனமோமீட்டர் என்பதன் சுருக்கம்தான் டைனோ. வண்டியின் சக்கரங்கள் கனமான உருளையைச் சுற்றுகின்றன. எவ்வளவு விசையோடு, எவ்வளவு வேகத்தில் சுற்றுகின்றன என்பதை இயந்திரம் அளக்கிறது. சுழற்றும் விசைக்கு டார்க் என்று பெயர். டார்க்கை வேகத்தால் பெருக்கினால் பவர். அவ்வளவுதான்.

சூத்திரம் எளிது: டார்க்கை (நியூட்டன் மீட்டரில்) ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். ஒரு எச்.பி. என்பது சுமார் 746 வாட். 3,200 ஆர்.பி.எம்.-இல் 1,000 எச்.பி. வேண்டும் என்றால் இன்ஜின் சுமார் 2,225 நியூட்டன் மீட்டர் டார்க் தர வேண்டும். ஒப்பிட, டாடா நெக்ஸான் டீசலின் அதிகபட்ச டார்க் 260 நியூட்டன் மீட்டர். எட்டு மடங்குக்கும் மேல்!

பெட்ரோல் ரேஸ் கார்கள் ஆர்.பி.எம்.-ஐ ஏற்றிப் பவர் எடுக்கும். பெரிய டீசல் இன்ஜின் அவ்வளவு வேகமாகச் சுற்றாது. அதனால் அதற்கு ஒரே வழி டார்க்கை ஏற்றுவது. இன்ஜினின் உள்ளே விழும் அடி அத்தனைக்கும் காரணம் இதுதான்.

இந்தக் கலாசாரம் ஏன் அமெரிக்காவில்?

டிரெய்லர் இழுக்க, பண்ணை வேலைக்கு என்று அங்கே பெரிய டீசல் பிக்அப்கள் சாதாரணம். டாட்ஜ் ராமில் 1989 மாடலில் வந்த 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் இன்ஜின் 160 எச்.பி. தந்தது. அதன் வாரிசான 6.7 லிட்டர் இன்ஜின் 2025 மாடலில் 430 எச்.பி. தருகிறது. ஃபோர்டின் பவர்ஸ்ட்ரோக், ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் ஆகியவை மற்ற இரண்டு பெரிய குடும்பங்கள்.

வேலைக்கான இன்ஜின் என்பதால் பிளாக்கும் கிராங்க்கும் கனமாக, நீண்ட உழைப்புக்காகச் செய்யப்பட்டவை. அந்த உறுதியை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று பார்ப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. 2016-இல் தொடங்கிய 'அல்டிமேட் கால்அவுட் சேலஞ்ச்' போட்டியில் ஒரே டிரக் டிராக் ரேஸ், டைனோ, பாரச் சறுக்கு வண்டியை இழுப்பது என மூன்றிலும் நிற்க வேண்டும். அங்கே டைனோவில் 2,000 எச்.பி.-ஐ எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

1,000 எச்.பி.க்கு என்ன தேவை? ஒரு கணக்கு

பழைய 5.9 லிட்டர் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். நல்ல டீசல் இன்ஜின் ஒரு கிலோவாட்-மணிக்கு சுமார் 220 கிராம் டீசல் குடிக்கும் என்று வையுங்கள். 1,000 எச்.பி. என்றால் 746 கிலோவாட். அதற்கு நிமிடத்துக்கு சுமார் 2.7 கிலோ டீசல் தேவை.

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று போதும் என்பது வேதியியல். ஆனால், டீசல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் முன்கூட்டியே கலப்பதில்லை. அதனால் பெரிதாகப் புகை வராமல் எரிய 18 கிலோ அளவுக்காவது காற்று வேண்டும். நிமிடத்துக்கு சுமார் 49 கிலோ.

இங்கேதான் சிக்கல். 3,200 ஆர்.பி.எம்.-இல் சுற்றும் 5.9 லிட்டர் இன்ஜின், டர்போ இல்லாமல் தானாக உறிஞ்சும் காற்று நிமிடத்துக்குச் சுமார் 10 கிலோதான். மீதியை நாம் திணிக்க வேண்டும். ஐந்து மடங்கு காற்றை அதே இடத்துக்குள் அடைக்க வேண்டும்.

அதனால்தான் இரண்டு டர்போ

ஒற்றை டர்போவால் இவ்வளவு அழுத்தத்தைத் தர முடிந்தாலும், செயல்திறன் விழும், காற்று கொதிக்கும். அதற்கு 'காம்பவுண்ட்' முறை: பெரிய டர்போ முதலில் காற்றை அழுத்தும், சிறிய டர்போ அதை மறுபடி அழுத்தும். இங்கே அழுத்தங்கள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. இரண்டும் தலா 2.5 மடங்கு அழுத்தினால் மொத்தம் 6.25 மடங்கு.

அழுத்தினால் காற்று சூடாகும், சூடான காற்றின் அடர்த்தி குறையும். அதைக் குளிர்விக்க இன்டர்கூலர். போட்டி வண்டிகளில் ஐஸ் தண்ணீர்த் தொட்டியே வைத்திருப்பார்கள். இன்னும் மேலே போக நினைப்பவர்கள் நைட்ரஸ் ஆக்சைடு சேர்ப்பார்கள். அதில் எடைக்கணக்கில் சுமார் 36 சதவீதம் ஆக்சிஜன் (சாதாரணக் காற்றில் 23 சதவீதம்). கூடவே குளிர்ச்சியும் தரும்.

உடையாமல் இருக்க என்ன மாற்றுவார்கள்?

- சிலிண்டர் ஹெட்: அழுத்தம் ஏறினால் ஹெட் மேலே தூக்கும், கேஸ்கட் போய்விடும். முதல் வேலை, கம்பெனி போல்ட்டுக்குப் பதில் உறுதியான ஹெட் ஸ்டட்.
- பிஸ்டன், கனெக்டிங் ராடு: கம்ப்ரஷன் விகிதத்தைச் சற்றுக் குறைக்கும் பிஸ்டன்கள், வலுவான ராடுகள். உச்சகட்டப் போட்டி இன்ஜின்களில் தண்ணீர் ஓடும் வழிகளையே அடைத்து பிளாக்கைத் திடமாக்குபவர்களும் உண்டு. டைனோவில் சில நொடிகள் ஓடினால் போதும், ஊர் சுற்ற முடியாது.
- எரிபொருள்: டேங்க்கிலிருந்து டீசலைத் தள்ளும் லிஃப்ட் பம்ப் முதல் உயர் அழுத்த பம்ப், இன்ஜெக்டர் வரை எல்லாம் பெரிதாகும்.
- கியர்பாக்ஸ்: இதை மறப்பவர்கள்தான் அதிகம். 2,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் வந்தால் கம்பெனி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கிளட்ச் வழுக்கும், ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடையும்.

சங்கிலியில் எது பலவீனமோ அது முதலில் போகும். டைனோ மேல் பிளாக் பிளந்து தீப்பிடித்த வீடியோக்கள் கட்டுக்கதை இல்லை. பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது என்று சொல்வது அதற்காகத்தான்.

ட்யூனிங்: ஒன்றரை மில்லி விநாடிக்குள் நடக்கும் வேலை

டீசலில் பவரைத் தீர்மானிப்பது எவ்வளவு எரிபொருள் போகிறது என்பதே. இன்ஜின் கம்ப்யூட்டரில் ட்யூனர் முக்கியமாக மூன்றைத் தொடுகிறார்: எப்போது தெளிப்பது, எவ்வளவு நேரம் தெளிப்பது, எந்த அழுத்தத்தில் தெளிப்பது.

நம் கணக்குப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு முறை தெளிக்க வேண்டிய அளவு சுமார் 0.34 மில்லி லிட்டர், அதாவது ஏழு சொட்டு. 3,200 ஆர்.பி.எம்.-இல் கிராங்க் 30 டிகிரி திரும்ப ஆகும் நேரம் 1.6 மில்லி விநாடிக்கும் குறைவு. அந்த இடைவெளிக்குள் ஏழு சொட்டும் போய் எரிய வேண்டும். சின்ன இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் நீட்டினால், பிஸ்டன் கீழே இறங்கிய பிறகும் டீசல் விழுந்துகொண்டிருக்கும். விளைவு: கரும்புகையும் கொதிக்கும் எக்ஸாஸ்ட்டும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். எக்ஸாஸ்ட் வெப்பநிலை அதற்கு மேல் நீண்ட நேரம் நின்றால், ஆயில் தெளித்துக் குளிர்வித்தாலும் பிஸ்டனுக்கு ஆபத்து.

மாறாக, மிக முன்கூட்டியே தெளித்தால் பிஸ்டன் மேலே வரும்போதே அழுத்தம் எகிறும், ஹெட்டும் ராடும் அடி வாங்கும். நல்ல ட்யூனர் இந்த ரெண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பதிவைப் பார்ப்பார். டைனோவின் உண்மையான பயன் இதுதான். ரீல்ஸில் வரும் எண் அதன் உபரி.

ஒரே டிரக், வேறு வேறு எண் ஏன்?

முதல் காரணம், எங்கே அளந்தார்கள் என்பது. சக்கரத்தில் வரும் பவர், இன்ஜினில் வருவதைவிடக் குறைவு. நடுவில் 15 முதல் 20 சதவீதம் போகும் என்று வைத்து இன்ஜின் பவரைக் 'கணக்கிடுவது' வழக்கம். சக்கரத்தில் 1,000 எச்.பி. என்றால், 15 சதவீத இழப்புக்கு 1,176 எச்.பி., 20 சதவீதத்துக்கு 1,250 எச்.பி. அனுமானத்தை மாற்றியதில் மட்டும் 74 எச்.பி. வித்தியாசம்! ஒரு சின்ன காரின் மொத்த பவர் அது.

இரண்டாவது, டைனோ வகை. வெறும் கனமான உருளையைச் சுற்றவைக்கும் டைனோவில், டர்போ முழுதாக அழுத்தம் ஏற்றுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடலாம். பிரேக் போலச் சுமை கொடுக்கும் டைனோவில் டீசல் டர்போவுக்கு நேரம் கிடைக்கும்.

மூன்றாவது, வானிலைத் திருத்தம். வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் மாறினால் பவர் மாறும் என்பதால், எண்ணை ஒரு பொதுவான நிலைக்கு மாற்றுவார்கள். 'எஸ்.ஏ.இ.' திருத்தம் ஒரு எண்ணைத் தரும். 'எஸ்.டி.டி.' என்ற பழைய திருத்தம் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். டென்வர் போலக் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் திருத்தம் இன்னும் பெரிது. ஆனால் டர்போ தானாகவே அந்தக் குறையில் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடும். அதற்கு மேல் முழுத் திருத்தமும் போட்டால், இல்லாத பவர் தாளில் வந்துவிடும்.

அந்தப் புகை எங்கே போகிறது?

பவர் தேடும் பலர் முதலில் கழற்றுவது, புகையைச் சுத்தம் செய்யும் வடிகட்டியையும் கேட்டலிஸ்ட்டையும். சாலையில் ஓடும் வண்டியில் அப்படிச் செய்வதை அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் வெளியிட்ட மதிப்பீடு: பத்தாண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்அப்களில் இந்தக் கருவிகள் நீக்கப்பட்டன. அவை தங்கள் ஆயுளில் கூடுதலாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு 5.7 லட்சம் டன்னுக்கு மேல். விதிப்படி ஓடும் 90 லட்சம் டிரக்குகளைக் கூடுதலாகச் சாலையில் இறக்குவதற்குச் சமம் என்றது அந்த முகமை.

இது ஆர்வலர்களோடு நிற்கவில்லை. ராம் பிக்அப் இன்ஜின்களில் மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக எழுந்த குற்றச்சாட்டில், 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட கம்மின்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

நம்ம ஊரில் ரீமேப் செய்யலாமா?

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பி.எஸ்.6 டீசல் காரில் வடிகட்டியை நீக்கச் சொன்னால், அதை 'ட்யூனிங்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

யாராவது உங்களிடம் டைனோ ஷீட்டை நீட்டினால், இந்த ஐந்தையும் கேளுங்க:

1. இந்த எண் சக்கரத்திலா, இன்ஜினிலா? இன்ஜினில் என்றால் எத்தனை சதவீத இழப்பை எடுத்துக்கொண்டீர்கள்?
2. எந்த வகை டைனோ, எந்தத் திருத்தம்?
3. 'முன்', 'பின்' இரண்டும் அதே டைனோவில், அதே நாளில் எடுத்ததா?
4. ஒரே ஓட்டமா, அடுத்தடுத்து மூன்று முறை வந்த எண்ணா?
5. எக்ஸாஸ்ட் வெப்பநிலை, டர்போ அழுத்தம் பதிவாகியிருக்கிறதா?

கூடவே தாளில் ஓர் எளிய சோதனையும் உண்டு. டார்க்கை ஆர்.பி.எம்.-ஆல் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் பி.எஸ். கணக்கில் பவர் வர வேண்டும். வராவிட்டால், அந்தத் தாளில் எங்கோ தப்பு இருக்கிறது. உங்கள் காரை அவர்களிடம் விடுவதற்கு முன் ஒரு தடவை கால்குலேட்டரைத் திறந்துவிடுங்கள்.