கானரியின் கேள்வி ஞானம்

நீளம் ஒரு சாண் இருக்கும், அகலம் அதற்கும் குறைவு. ஊசியிலை மரத்தைச் சீவி எடுத்த குச்சிகள்தான் கம்பி. இந்தக் கூண்டுக்குள் ஒரே ஒரு கானரிக் குஞ்சு, அதுவும் ஆண். இப்படிப்பட்ட கூண்டுகளை ஓர் அலமாரியில் வரிசையாக அடுக்கி, முன்னால் திரையை இழுத்து மூடிவிடுவார்கள். அரையிருட்டில் பக்கத்துக் கூண்டுப் பறவை கண்ணுக்குத் தெரியாது. காதுக்கு மட்டும்தான் வேலை. கிட்டத்தில் இன்னொரு கூண்டில் மூத்த ஆண் ஒன்று உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். ஜெர்மானியர் அதை ‘ஃபோர்ஸெங்கர்’ என்பார்கள். முன்பாடகன் என்று பொருள். நம் பேச்சில் சொன்னால் பாட்டு வாத்தியார்.

இது 19-ஆம் நூற்றாண்டில் வட ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில், சாங்க்ட் ஆந்த்ரெயாஸ்பெர்க் என்ற சுரங்க ஊரில் நடந்த குடிசைத் தொழில். இளவேனிலில் பொரித்த குஞ்சுகள் கோடை முடிவில் இறகுதிர்த்து முடிந்ததும் இலையுதிர் காலத்தில் வகுப்பு தொடங்கும். முதலில் வருவது மழலை. தொண்டைக்குள்ளேயே முனகுவதுபோல் ஒழுங்கில்லாத ஒலிகள். வாரங்கள் போகப் போக அதில் வாத்தியாரின் சாயல் தட்டும். குளிர்காலம் நடுவாந்தரத்தை எட்டும்போது பாட்டு உருப்படும், விற்பனைக்கும் தயாராகும்.

அந்த ஊருக்கு இந்தத் தொழில் வந்த வழி நீளமானது.

கானரியின் சொந்த மண் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கிடக்கும் கானரித் தீவுகள், மதீரா, அசோரஸ். தீவுக்குப் பறவையால் பெயர் வந்ததாகப் பலர் நினைப்பதுண்டு, நடந்தது தலைகீழ். லத்தீனில் நாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து தீவுக்குப் பெயர் வந்தது, தீவிலிருந்து பறவைக்கு வந்தது. காட்டுக் கானரி மஞ்சளும் இல்லை. பச்சையும் பழுப்பும் கலந்த, கோடு விழுந்த உடம்பு. 1496-இல் ஸ்பானியர் தீவுகளை முழுமையாகப் பிடித்த பிறகு பறவை ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. வெளியே யாரும் குஞ்சு பொரிக்கவிடக் கூடாது என்று ஆண் பறவைகளை மட்டுமே விற்றார்கள் என்றொரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, ரகசியம் நிற்கவில்லை. ஆல்ப்ஸ் மலைப் பகுதியான டிரோலில் இம்ஸ்ட் என்ற ஊரின் சுரங்கத் தொழிலாளர் கானரி வளர்ப்பில் பேர் வாங்கினார்கள். முதுகில் கூண்டுச் சட்டத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக நடந்து விற்ற டிரோல் பறவை வியாபாரி அந்தக் காலத்து ஐரோப்பாவில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். 1891-இல் கார்ல் ஸெல்லர் அவனையே நாயகனாக்கி ஓர் இசை நாடகம் எழுதினார்.

டிரோலில் வேலை குறைய, சுரங்கத் தொழிலாளர் சிலர் ஹார்ட்ஸுக்கு இடம்பெயர்ந்தார்கள். கூடவே பறவையும் போனது. சாங்க்ட் ஆந்த்ரெயாஸ்பெர்க்கின் சாம்ஸன் வெள்ளிச் சுரங்கம் 1521-இல் தொடங்கியது. கடைசியில் 810 மீட்டர் ஆழம் போனது. 1837-இல் ஆளை ஏற்றி இறக்கும் பொறி வரும்வரை அந்த ஆழத்துக்கு ஏணியில்தான் இறங்க வேண்டும், ஏணியில்தான் ஏற வேண்டும். கூலி கைக்கும் வாய்க்குமே காணாது. கைப்பிடித் தானியம் தின்றுவிட்டு மூலையில் கிடக்கும் பறவை அந்த வீடுகளுக்கு உபரி வரும்படி. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பறவையைப் பார்த்துக்கொண்டார்கள், கூண்டும் செய்தார்கள். ஆல்ஃபெல்ட் நகரின் ரைஷே குடும்பம் போன்ற பெரிய வியாபாரிகள் பறவைகளைக் கப்பலேற்றி நியூயார்க்வரை அனுப்பினார்கள்.

சுரங்கம் என்றதும் விஷவாயுவைக் கண்டுபிடிக்க உள்ளே கொண்டுபோன கானரிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது வேறு கதை. 1890-களில் பிரிட்டனில் ஜான் ஹால்டேன் சொன்ன யோசனை அது, அங்கே 1986 வரை நீடித்தது. ஹார்ட்ஸ்காரர்களுக்குக் கானரி பாடகன்.

அதுவும் எப்படிப்பட்ட பாடகன்! ஹார்ட்ஸ் ரோலர் எனப்படும் இந்த வகை அலகைத் திறக்காமலே பாடும். மற்றக் கானரிகளின் கிறீச்சொலி இதற்கு ஆகாது. தாழ்ந்த சுருதி, உருண்டுவரும் ஒலி, ஒரு தொடர் முடிந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் நடை. ஒவ்வொரு தொடருக்கும் பெயர் உண்டு. ஹோல்ரோலே என்பது உட்குழிந்த உருட்டல், க்னோரே அடித்தொண்டைக் கரகரப்பு, வாஸர்ரோலே நீர் சலசலப்பது போன்றது. நம் சங்கீதக்காரர்கள் பாடாந்தரம் என்று சொல்வதற்கு வெகு அருகில் வருவது இது. இன்ன வளர்ப்பாளர் வீட்டுப் பறவை என்று பாட்டைக் கேட்டே சொல்லும் காதுகள் அந்த ஊரில் இருந்தன.

வளர்ப்பாளரின் கவலைகளைக் கவனித்தால்தான் விஷயம் பிடிபடும். முதல் கவலை, சகவாசம். வகுப்பில் ஒரு குஞ்சு அபஸ்வரம் பிடித்துவிட்டால் மற்றவையும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே காதில் விழுந்த உடனே அந்தக் கூண்டை அலமாரியிலிருந்து எடுத்துவிடுவார்கள். நல்ல வாத்தியாருக்கு நல்ல விலை. இதைப் பார்த்தால் எல்லாம் பயிற்சிதான் என்று தோன்றும். ஆனால் அதே வளர்ப்பாளர் ஜோடி சேர்க்கும்போது கல்யாணத் தரகரைவிடக் கறாராகக் குலம் கோத்திரம் பார்ப்பார். பாடாத பெட்டைக்குக்கூட அப்பன் யார், பாட்டன் யார் என்று கேட்பார். ரத்தத்தையும் நம்பினார், காதையும் நம்பினார். இரண்டுக்கும் காசு செலவழித்தார்.

படித்தவர்கள்தான் இதை இரண்டாகப் பிரித்து ஏதாவது ஒரு கட்சியில் சேரத் துடித்தார்கள். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத் தர வேண்டுமா என்று நாம் கேட்பதுபோல, பறவைக்குப் பாட்டு பிறவியிலேயே வருவதென்பது ஐரோப்பாவிலும் பொதுவான எண்ணம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஃபெர்டினாண்ட் ஃபான் பெர்னாவ் என்ற ஆஸ்திரியப் பிரபு, சில பறவைகள் கேட்டுத்தான் கற்கின்றன என்று தன் தோட்டத்து அனுபவத்திலிருந்து எழுதியிருந்தார். 1773-இல் லண்டனில் டெயின்ஸ் பாரிங்டன் அதைச் சோதித்தே காட்டினார். லின்னெட் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து வானம்பாடி, புல்வெளிச் சிட்டு முதலிய வேறு பறவைகளிடம் வளர்த்தார். குஞ்சுகள் தங்கள் அப்பன் பாட்டை விட்டுவிட்டு வளர்த்தவன் பாட்டைப் பாடின. பாரிங்டன் தொழிலால் வக்கீல். சில ஆண்டுகளுக்கு முன்பு லண்டனுக்கு வந்திருந்த சிறுவன் மொசார்ட்டின் திறமை அசல்தானா என்று சோதித்து ராயல் சொஸைட்டிக்கு அறிக்கை தந்தவரும் இவரே. பிறவி மேதையையும் கேட்டுப் படித்த பறவையையும் ஒரே ஆள் பரிசோதித்தது சரித்திரத்தின் குறும்பு.

அதே நூற்றாண்டில் பிரெஞ்சுச் சீமாட்டிகள் வாத்தியார் பறவைக்குப் பதில் பெட்டி வைத்துக்கொண்டார்கள். கையால் சுழற்றினால் மெட்டு வரும் சிறு குழலிசைப் பெட்டி. கானரியின் பிரெஞ்சுப் பெயரான ‘செரான்’ என்பதிலிருந்து அதற்குச் செரினெட் என்று பேர். ஓவியர் ஷார்டான் 1751-இல் பதினைந்தாம் லூயி மன்னருக்காகத் தீட்டிய படம் ஒன்றில், ஒரு பெண் மடியில் அந்தப் பெட்டியை வைத்துச் சுழற்றிக்கொண்டே கூண்டைப் பார்க்கிறாள்.

20-ஆம் நூற்றாண்டில் கதை பிரேமன் நகருக்கு வருகிறது. கார்ல் ரைஷ் என்ற கடைக்காரர் அங்கே தம் கானரிகளுக்கு நைட்டிங்கேலின் பாட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு தலைமுறைக் கானரி கற்றது. அதைக் கேட்டு அடுத்த தலைமுறை கற்றது. நைட்டிங்கேல் இல்லாமலே நைட்டிங்கேல் பாட்டு அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. அப்படியானால் கற்ற பாட்டு ரத்தத்தில் ஏறிவிட்டதா? இந்தக் கேள்வி பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் டுங்கரை இழுத்தது. 1922-இல் அவர் ரைஷின் கானரிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்றைய அறிவில் நின்று பார்த்தால் விடை எளிது. நன்றாகக் கற்றவற்றையே இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தால் தலைமுறைக்குத் தலைமுறை கூடுவது கற்கும் திறன். பாட்டு காது வழியாகவே போக வேண்டும்.

டுங்கர் அடுத்து இறங்கிய வேலை அவரையே கவிழ்த்தது. வெனிசுவேலாவின் சிவப்புச் சிஸ்கின் பறவையோடு கானரியைக் கலந்து சிவப்புக் கானரி உண்டாக்கப் பார்த்தார். சிவப்பின் மரபணு வந்துவிட்டால் பறவை சிவந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆரஞ்சு வரை வந்தது, அதற்குமேல் சிவக்கவில்லை. இறகின் சிவப்புக்கு மூலப்பொருள் தீவனத்திலுள்ள கரோட்டின் வகை நிறமி. மரபணு அதை மாற்றிக்கொடுக்கும், உண்டாக்காது. தட்டில் சரியான உணவு இல்லாவிட்டால் ரத்தம் மட்டும் ஒன்றும் செய்யாது என்பதைப் பிற்காலத்தவர் கண்டார்கள். நிறமியை மாற்றும் மரபணு எது என்பது 2016-இல்தான் தெரிந்தது. எல்லாம் பிறவிதான் என்ற நம்பிக்கையை மனிதர்கள் மீதும் ஏற்றி, நாஜிகளின் இனத்தூய்மைக் கொள்கைக்குத் துணைபோனவர் டுங்கர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாத்தியாரே இல்லாவிட்டால்? 1935-இல் அமெரிக்காவில் மில்டன் மெட்ஃபெஸல், வெளிப் பாட்டு எதுவும் காதில் விழாமல் ரோலர் கானரிகளை வளர்த்தார். அவை ரோலர் பாட்டையே பாடின. பயிற்சிக் கட்சிக்கு இது அடி. 1950-களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப், தனியே வளர்த்த சாஃபின்ச் பறவைகளின் பாட்டைப் புதிதாக வந்த ஒலிவரைவுக் கருவியில் வரைபடமாக்கிப் பார்த்தார். நீளம் சரியாக இருந்தது, உள்வேலைப்பாடுதான் இல்லை. 1965-இல் மசகாஸு கொனிஷி இன்னொரு படி போனார். வேறொரு சிட்டினத்தில் செவித்திறனையே நீக்கிவிட்டால் பாட்டு இன்னும் சிதைந்துபோகிறது என்று காட்டினார். ஆக, வாத்தியாரைக் கேட்பது ஒரு பங்கு; தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வது இன்னொரு பங்கு.

பெல்ஜியத்தின் வாட்டர்ஸ்லாகர் என்ற கானரி வகையில் இந்த முடிச்சு இன்னும் இறுகுகிறது. இதுவும் தாழ்சுருதிப் பாடகன். 1980-களில் கஸுவோ ஒகனோயா, ராபர்ட் டூலிங் இருவரும் இதன் செவியைச் சோதித்தபோது, உயர்சுருதி ஒலிகளில் மற்றக் கானரிகளைவிட 20 முதல் 40 டெசிபெல் வரை மந்தம் என்று தெரிந்தது. பரம்பரையாக வரும் குறை. நூற்றாண்டுக் கணக்கில் தாழ்ந்த குரலைத் தேடித் தேடி ஜோடி சேர்த்தவர்கள், தங்களுக்குத் தெரியாமலே பாதிச் செவிட்டையும் சேர்த்து வளர்த்துவிட்டார்கள். பால் மண்டிங்கர் 1990-களில் செய்த ஆய்வுகளில் ரோலருக்கும் பார்டர் என்ற இன்னொரு கானரி வகைக்கும் எந்தப் பாட்டைக் கேட்டால் பிடித்துக்கொள்ளும் என்பதிலேயே வேறுபாடு இருந்தது. தன் வகைக்குரிய பாட்டைக் கானரி எளிதில் பற்றிக்கொள்கிறது, அயல் வகைப் பாட்டில் தடுமாறுகிறது. எதைக் கேட்பது என்ற நாட்டமே பிறவியில் வருகிறது; கேட்ட பிறகுதான் பாட்டு வருகிறது.

ஃபெர்னாண்டோ நோட்டபோம் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வளர்த்தவையும் வாட்டர்ஸ்லாகர்களே. கானரி ஆண்டுதோறும் தன் பாட்டைப் புதுப்பிக்கும். அப்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். பாட்டுக்குரிய பகுதி இளவேனிலில் பருத்து, இலையுதிர் காலத்தில் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்குவதை 1981-இல் அறிவித்தார். இரண்டு ஆண்டுகளில், வளர்ந்த கானரியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன என்று ஸ்டீவன் கோல்ட்மனும் அவரும் எழுதினார்கள். வளர்ந்த மூளையில் புது அணு பிறக்காது என்று பாடப்புத்தகங்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

2005-இல் அதே பல்கலைக்கழகக் குழு இன்னொரு வேடிக்கை செய்தது. தனியே வளர்ந்த குஞ்சுகளுக்குக் கம்ப்யூட்டர் தயாரித்த, கானரி இலக்கணமே இல்லாத பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். குஞ்சுகள் அதை அப்படியே கற்றுக்கொண்டன, மாதக்கணக்கில் பாடின. பருவம் வந்து இனச்சுரப்பு ஏறியதும், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அதே ஒலிகளைக் கலைத்துப் போட்டுக் கானரி முறைப்படி தொடர் தொடராக அடுக்கிப் பாடத் தொடங்கிவிட்டன.

இந்தப் பிற்கால ஆய்வுகளுக்கெல்லாம் வெகு முன்பே ஹார்ட்ஸில் தொழில் நொடிந்துவிட்டது. சாம்ஸன் சுரங்கம் 1910-இல் மூடப்பட்டது. நான்கே ஆண்டுகளில் வந்த உலகப்போர் ஏற்றுமதியை முடக்கியது. சுரங்கம் இப்போது அருங்காட்சியகம். ஆளிறக்கும் பொறி இருக்கும் அதே வளாகத்தில் ரோலர் கானரிக்கும் ஒரு காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பழைய மரக்கூண்டுகள் அங்கே அடுக்கியிருக்கின்றன.

பாட்டுப் போட்டிகள் மட்டும் பல நாடுகளில் இன்றும் நடக்கின்றன. ஒரே குழுவாக நான்கு கூண்டுகளை நடுவர் முன் மேசையில் வைப்பார்கள். இருட்டிலிருந்த பறவைகளுக்குக் கூண்டின் முன்கதவைத் திறந்ததும் வெளிச்சம் படும், பாட வேண்டும். நடுவர் பேனாவோடு காத்திருப்பார், ஹோல்ரோலேக்கு இத்தனை, க்னோரேக்கு இத்தனை என்று மதிப்பெண் போட. பரம்பரையும் சரி, வாத்தியாரும் சரி என்ற பறவைகூடச் சில சமயம் தீவனத்தைக் கொத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். நேரம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு அடுத்த நான்கு கூண்டுகளைக் கொண்டுவருவார்கள்.