திருவரங்கத்து ரங்கராஜன்கள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவாகிய திருவரங்கத்தில் பள்ளிகொண்டுள்ள அரங்கநாதரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது வைணவக் குடும்பங்களின் நெடுநாள் வழக்கமாதலால், அவ்வூரில் வளர்ந்து தமிழகமெங்கும் புகழ்பெற்ற இருவர் ரங்கராஜன் என்ற ஒரே இயற்பெயரைத் தாங்கியிருந்ததில் வியப்பில்லை. 1931இல் பிறந்த டி. எஸ். ரங்கராஜன், ஓவியத்தில் நாட்டங்கொண்டிருந்த இளமையில், ஆனந்த விகடன் ஓவியர் மாலியைப் போல விளங்கவேண்டும் என்னும் கருத்தில் பள்ளித்தோழர் இட்ட ‘வாலி’ என்ற பெயரை ஏற்று, பின்னர் திரைப்படப் பாடலாசிரியராக நிலைபெற்றார். 1935இல் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்ற எஸ். ரங்கராஜனோ, குமுதம் இதழில் எழுதத் தொடங்கியபோது, அதன் ஆசிரியர் குழுவில் ரா. கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் முன்னரே இருந்தமையால், வாசகரிடையே குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியின் பெயரான ‘சுஜாதா’வையே புனைபெயராக்கிக்கொண்டார். 2008இல் சுஜாதாவும் 2013இல் வாலியும் மறைந்தனர். ஊர்ப்பெருமாளின் பெயரை எழுத்துலகில் விடுத்தபோதிலும் ஊரை விடாத சுஜாதா, ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளில் அதன் தெருக்களையும் மனிதர்களையும் நுணுக்கமாகப் பதிவுசெய்தமையால், கடந்த நூற்றாண்டின் திருவரங்க வாழ்வை அறிய விழைவோர்க்கு அவை மதிப்புமிக்க சான்றாகத் திகழ்கின்றன.