இன்சைட் (வான்கூவர்)

கனடாவின் வான்கூவர் நகரில், கிழக்கு ஹேஸ்டிங்ஸ் தெரு 139ஆம் எண் கட்டடத்தில் இயங்கிவரும் பொதுச் சுகாதார நிலையம் இன்சைட். ஹெராயின் போன்ற போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்கள் தாங்கள் கொண்டுவருவதைச் செவிலியரின் கண்ணெதிரே ஊசியாகப் போட்டுக்கொள்ள இங்கே அனுமதி உண்டு. இத்தகைய மையம் உலகில் முதன்முதலாக 1986இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கியது. வட அமெரிக்காவில் சட்ட அனுமதியோடு திறக்கப்பட்ட முதல் மையம், 2003 செப்டம்பரில் வந்த இன்சைட்தான்.

அதற்கு முன்பு அப்பகுதி பட்ட பாடு கொடியது. 1990களில் ஒரே ஊசியைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதால் எச்.ஐ.வி. வேகமாகப் பரவியது. சந்துகளில் தேங்கிய நீரில் போதைமருந்தைக் கரைத்தவர்களும் உண்டு. 1997இல் உள்ளூர்ச் சுகாதார வாரியம் நெருக்கடி நிலையை அறிவித்தது. அதே ஆண்டில், அளவு மிஞ்சிய போதையால் இறந்தவர்களுக்காக ஓப்பன்ஹைமர் பூங்காவில் ஆயிரம் சிலுவைகள் நடப்பட்டன. மையம் வேண்டும் என்று போராடியவர்களில் போதைப்பொருள் பயன்படுத்துவோரும் இருந்தனர். அவர்களுடைய குரலுக்கு மேயர் பிலிப் ஓவன் செவிசாய்த்தார். அவருக்குப் பின் மேயரான லாரி கேம்பல் முன்னாள் மரண விசாரணை அதிகாரி. அவரது காலத்தில் மையம் திறக்கப்பட்டது.

உள்ளே வருபவர் சொந்தப் பெயரைச் சொல்லவேண்டியதில்லை, புனைபெயரே போதும். புதிய ஊசி, சுத்தமான நீர், கையில் கட்டும் பட்டை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, கண்ணாடி பதித்த சிறு தடுப்பு ஒன்றில் அமர்கிறார். முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் முகம் ஊழியர்களுக்குக் கண்ணாடியில் தெரியும். ஹெராயின் அளவு மிஞ்சினால் மூச்சு தளரும், உதடு நீலம் பாரிக்கும், பிறகு மூச்சு நின்றுபோகும். உடனே ஆக்சிஜன் கொடுத்து, தேவைப்பட்டால் நலாக்சோன் மருந்தையும் செலுத்தினால் ஆள் பிழைத்துக்கொள்வார். பூட்டிய அறையில் தனியாக இருப்பவருக்கு அந்தச் சில நிமிடங்களில் உதவ யாருமில்லை. மூச்சு நிற்கும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்பதே இந்த மையத்தின் உயிர்நாடி. இங்கே ஊசி போட்டுக்கொண்டு அளவு மிஞ்சியவர்கள் ஏராளம். ஆனால் மையத்துக்குள் உயிரிழந்தவர் எவருமில்லை. போதையை விட நினைப்பவர்களுக்காக 2007இல் மாடியிலேயே சிகிச்சைப் பிரிவும் தொடங்கப்பட்டது.

போதைப்பொருள் சட்டத்தின் 56ஆம் பிரிவு தந்த தற்காலிக விலக்கை நம்பியே இன்சைட் இயங்கியது. 2008இல் அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் டோனி கிளெமென்ட் விலக்கை நீட்டிக்க மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2011 செப்டம்பர் 30 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்: அமைச்சரின் முடிவு உயிர், பாதுகாப்பு ஆகியவற்றுக்கான உரிமையை மீறுகிறது; விலக்கை அவர் வழங்கியே ஆகவேண்டும். அடிமைப்பட்டவரையும் நோயாளியாகக் கண்ட தீர்ப்பு என்பதால், கனடாவின் சுகாதார வரலாற்றில் இதற்குத் தனி இடம் தரவேண்டும். 2015இல் வந்த சட்டம் புதிய மையங்களுக்குக் கடும் நிபந்தனைகளை விதித்தது. 2017இல் அவை தளர்த்தப்பட்டன.

அரசே போதைக்குத் துணைபோகலாமா என்ற எதிர்ப்பு இன்றும் ஓயவில்லை. 2011இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வின்படி, மையம் திறந்தபின் அதைச் சுற்றிய 500 மீட்டருக்குள் அளவு மிஞ்சிய போதை மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. நகரின் பிற பகுதிகளில் குறைவு 9.3 சதவீதமே. ஆனாலும் மையத்தின் வீச்சு சிறியது. அந்த வட்டாரத்தில் போடப்படும் ஊசிகளில் 5 சதவீதத்துக்கும் குறைவானவையே இன்சைட்டுக்குள் போடப்படுகின்றன என்று 2008இல் மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்தது.

ஃபென்டனில் என்ற போதைப்பொருள் கள்ளச்சந்தையில் கலந்தபின் நிலைமை இன்னும் மோசமானது. 2016 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. இப்போது அங்கே போதை மரணங்களில் பெரும்பங்கு, ஊசி போடுவோரைவிடப் புகையாக இழுப்போரிடையே நேர்கிறது. ஊசிக்கென்றே கட்டப்பட்ட இன்சைட்டில் அவர்கள் அமர இடமில்லை.