பட்டினி ஒரு சிகிச்சையாக இருந்த காலம்

1950ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியானது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘குறைமாதக் குழந்தைகளின் தொடக்கப் பட்டினிக் காலத்தை நீட்டித்தல்’. பட்டினி என்ற சொல் என் மிகைப்படுத்தல் அல்ல, மூலத்திலேயே இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு எத்தனை மணி நேரம் எதுவும் கொடுக்காமல் வைத்திருக்கலாம் என்று, அக்கறையோடு யோசித்த மருத்துவர்கள் எழுதியது அது.

அவர்களுடைய பயத்தில் நியாயம் இருந்தது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒரே தாளத்தில் செய்ய ஒரு சிசு ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான் பழகுகிறது. அதற்கு முன்னால் பிறந்துவிட்ட குழந்தையின் வாயில் பால் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். வயிற்றுக்குப் போன பாலும் எதுக்களித்து மேலே வரலாம். இறந்த குழந்தையின் நுரையீரலில் பாலைப் பார்த்த டாக்டர் அதை லேசில் மறப்பாரா? ஆக, 1940களிலும் 50களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல மருத்துவமனைகளில் முதல் ஒரு நாள், இரண்டு நாள், சில இடங்களில் மூன்று நாள்கூட, ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. இவ்வளவு சின்ன உடம்பில் குளுக்கோஸ் ஏற்றுவதும் அன்று வழக்கமாகியிருக்கவில்லை.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு இது பழகிய மனநிலை. ஒரு சர்வீஸ் அடிக்கடி விழுந்து அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால், முதலில் அதை ஆஃப் பண்ணி வைத்துவிடுவோம். சத்தம் நின்றுவிடும். அது செய்துகொண்டிருந்த வேலை என்ன ஆச்சு என்று மூன்று மாதம் கழித்துத்தான் யாராவது கேட்பார்கள். பால் புரையேறிச் சாவது கண்ணுக்குத் தெரியும். சர்க்கரை இறங்கி மூளை தவிப்பது வெளியே தெரியாது. கால்கள் விறைத்து நடக்கத் திணறும் பிள்ளையாக அது வெளிப்பட வருடங்கள் ஆகும். அதற்குள் வார்டும் மாறியிருக்கும், டாக்டரும் மாறியிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு அறுபது எழுபது வருடங்களுக்கு முன்பே பாரிஸில் இந்தக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகப்பேறு மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, மிருகக்காட்சி சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதேபோல ஒன்றைக் குழந்தைகளுக்குச் செய்யச் சொன்னார். 1880 வாக்கில் அது மருத்துவமனைக்கு வந்தது. இரண்டு கிலோவுக்குக் குறைவான குழந்தைகளில் 66 சதவீதமாக இருந்த இறப்பு 38 ஆனது. இன்குபேட்டரின் வரலாறு என்றால் எல்லோரும் இங்கேதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் 1884இல் அதே தார்னியே மெல்லிய ரப்பர் குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் தாய்ப்பால் விடும் முறையையும் கொண்டுவந்தார். வெறும் சூட்டில் வைத்தால் போதாது, வயிறும் நிறையவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அவருடைய மாணவர் பியர் புடான் இன்னொன்றையும் கவனித்தார். பெட்டிக்குள் குழந்தை பிழைத்துக்கொள்கிறது. வெளியே நிற்கும் தாயோ மெல்ல மெல்ல விலகிப்போகிறாள். சிலர் திரும்பி வருவதேயில்லை. தாய் பக்கத்தில் இருக்கவேண்டும், அவளே பால் கொடுக்கவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

இயந்திரம் கடல் தாண்டியது, இந்த யோசனை தாண்டவில்லை. மார்ட்டின் கூனி என்பவர் 1896இல் பெர்லின் கண்காட்சியில் இன்குபேட்டர் குழந்தைகளை வேடிக்கைப் பொருளாக வைத்தார். 1903 முதல் 1943 வரை நியூயார்க்கின் கோனி தீவில், 25 சென்ட் டிக்கெட்டில் அதே காட்சி. கேட்கவே கூசுகிறது. ஆனாலும் பெற்றோரிடம் அவர் பணம் வாங்கவில்லை, மருத்துவமனைகள் கைவிரித்த குழந்தைகள் பலர் அங்கே செவிலித்தாய்ப் பால் குடித்துத்தான் பிழைத்தார்கள். பிறகு மருத்துவமனைகள் தனி வார்டு கட்டியபோது, தொற்றுக்குப் பயந்து தாயைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தின. பட்டினி வைத்தியம் வளர்ந்தது இந்த வார்டுகளில்தான்.

அதை எதிர்த்துக் கேட்டவர்களில் ஆக்ஸ்ஃபோர்டின் விக்டோரியா ஸ்மால்பீஸ், பமீலா டேவிஸ் என்ற இரண்டு பெண் மருத்துவர்கள் முக்கியமானவர்கள். 1964இல் லான்செட்டில் வந்த அவர்களுடைய கட்டுரை சொன்னது எளிமையானது: ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரையுள்ள 111 குழந்தைகளுக்கு, பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள், தண்ணீர் கலக்காத தாய்ப்பாலைக் குழாய் வழியாகக் கொடுத்தோம், சர்க்கரை இறங்கித் தவித்த குழந்தை இல்லை, மஞ்சள் காமாலையும் குறைந்தது.

என் மகள் 31ஆம் வாரத்தில் பிறந்தாள், 1,420 கிராம். முதல் நாள் அவளுக்குக் கிடைத்தது இரண்டு மணிக்கொரு தரம் 2 மில்லி சீம்பால். நர்ஸ் அக்கா சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, பாலை அதில் ஊற்றி உயர்த்திப் பிடிப்பார். அது தன் பாரத்திலேயே இறங்கும். “இது பசிக்கு இல்ல சார், குடலை எழுப்பி விடுறதுக்கு,” என்றார். எனக்கு அன்று வரலாறு எதுவும் தெரியாது. வேலை கொடுக்காத குடலின் சுவர் மெலிந்துபோகும் என்பதையும், 1990இல் ஆலன் லூகாஸ், டி.ஜே. கோல் இருவரும் 926 குழந்தைகளை ஆராய்ந்து, பவுடர் பால் மட்டுமே குடித்தவர்களுக்குக் குடல் அழற்சி நோய் ஆறிலிருந்து பத்து மடங்கு அதிகம் என்று கண்டதையும் பிறகுதான் படித்தேன். 33ஆம் வாரத்துக்குப் பிறகு, மூக்குக் குழாயோடு பாலாடையும் வந்தது. ஆங்கில மருத்துவக் கையேடுகளும் அதைப் ‘பாலாடை’ என்றே எழுதுகின்றன, வேறு பெயர் வைக்கவில்லை.

தாய் உள்ளே வந்தது பணக்கார நாட்டில் அல்ல. கொலம்பியாவின் பொகோட்டாவில், 1978இல், ஓர் இன்குபேட்டரில் பல குழந்தைகளைப் படுக்கவைத்துத் தொற்றில் பறிகொடுத்துக்கொண்டிருந்த பொது மருத்துவமனையில், எட்கர் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். மறு வருடம் எக்டர் மார்த்தினெஸ் சேர்ந்துகொண்டார். சூடு தாயிடமிருந்து, பால் தாயிடமிருந்து. கங்காரு முறை என்று பெயர் வந்தது. மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தாய்ப்பால் வங்கி தொடங்கியதையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். இல்லாமையிலிருந்து வந்த இந்த யோசனைகளை வசதியுள்ளவர்கள் நெடுநாள் ‘ஏழைகளின் மாற்று’ என்றுதான் நினைத்தார்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது: குழந்தை முதலில் ஸ்டேபிள் ஆகட்டும், அப்புறம் அம்மாவிடம் கொடுக்கலாம். 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு இதைத்தான் சோதித்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 குழந்தைகள். வழக்கமான முறையில் தாயின் மார்புக்குப் போக இடைநிலையாக 53.6 மணி நேரம் ஆனது. 1950இன் பட்டினிக் கணக்கிலிருந்து இது அதிக தூரமில்லை. மற்ற குழுவில் 1.3 மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இதற்காக அந்த மருத்துவமனைகள் புது மருந்து எதுவும் வாங்கவில்லை. பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கு ஒரு கட்டில் போட்டார்கள். பிரசவித்த உடம்பையும் அங்கேயே வந்து கவனிக்க ஆட்களை ஏற்பாடு செய்தார்கள்.