இடுப்புல செருகின பேனா: மடக்கெழுத்தாணியின் கதை

இன்னிக்கு ஒரு கத்தியைப் பத்திப் பேசப் போறோம். பயப்படாதீங்க, இதுல கொலை எதுவும் கிடையாது.

உங்கள்ல சில பேர் சாவிக்கொத்துல ஒரு குட்டி மடக்குக் கத்தி மாட்டியிருப்பீங்க. சிவப்புக் கைப்பிடி, அதுமேல வெள்ளைச் சிலுவை. பிரிச்சா ஒரு கத்தி, ஒரு கத்தரிக்கோல், ஒரு பாட்டில் ஓப்பனர். 1891ல சுவிட்சர்லாந்து ராணுவத்துக்குக் கத்தி சப்ளை பண்ண ஆரம்பிச்ச கார்ல் எல்செனர், 1897ல அதிகாரிகளுக்கான கத்தின்னு ஒண்ணைப் பதிவு பண்ணினார். இன்னிக்கு உலகம் முழுக்க பாக்கெட்ல கிடக்கறது அதோட வாரிசுதான்.

இதைப் பத்திப் படிச்சப்போ எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. நம்ம ஆளுங்க தினமும் கூடவே வச்சுக்கிட்ட, ஒண்ணுக்கு மேற்பட்ட வேலை செய்யற மடக்குக் கத்தி ஏதாவது இருந்துச்சா?

இருந்துச்சு. அதுக்குப் பேரு மடக்கெழுத்தாணி. ஒரு கைப்பிடி. ஒரு பக்கம் பிரிச்சா கத்தி, இன்னொரு பக்கம் பிரிச்சா எழுத்தாணி. வேலை முடிஞ்சதும் ரெண்டையும் மடக்கி இடுப்புல செருகிக்கலாம். சுருக்கமா சொன்னா, நம்ம ஊரு பாக்கெட் கத்தி பாதி கத்தி, பாதி பேனா.

எழுத்தாணிக்கு எதுக்குக் கத்தி?

நமக்குக் காகிதம் கடையிலேயே வெட்டி அடுக்கி வருது. அதனால எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கும்னே தோணாது. ஓலை அப்படி இல்ல. பனை மரத்துலேருந்து இறங்கற ஓலைக்கு நடுவுல ஈர்க்கு இருக்கும். அதை நீக்கணும். ஓரத்தைச் சீவணும். எல்லா ஏடும் ஒரே நீளம், ஒரே அகலம் வர்ற மாதிரி நறுக்கணும். நடுவுல வேக வைக்கறது, காய வைக்கறது, தேய்ச்சு வழவழப்பாக்கறது, கயிறு கோக்கத் துளை போடறதுன்னு வேலை போய்க்கிட்டே இருக்கும்.

ஈர்க்கை எடுத்து ஓலையைச் சீராக்கறதுக்கு வாருதல்னு பேரு. அந்த வேலைக்குக் கத்தி இல்லாம முடியாது. எழுதத் தெரிஞ்சவருக்கு ஓலை வாரவும் தெரிஞ்சிருந்தா, யாரையும் எதிர்பார்க்காம எங்க வேணும்னாலும் உக்காந்து எழுதலாம். அதனாலதான் ரெண்டு கருவியும் ஒண்ணாச் சேர்ந்துச்சு.

உ.வே.சாமிநாதையர் இந்த எழுத்தாணி வகைகளையெல்லாம் பேர் சொல்லி விவரிச்சிருக்கார். 1855ல பிறந்தவர். ஓலையில எழுதற பழக்கம் உயிரோட இருந்த கடைசிக் காலத்துல படிச்சு வளர்ந்தவர். குண்டெழுத்தாணிக்குக் கொண்டை கனமா, உருண்டையா இருக்கும். கூரெழுத்தாணி, பேருக்கு ஏத்த மாதிரி, கூர்மையானது. வாரெழுத்தாணியில கொண்டைக்குப் பதிலா கத்தி இருக்கும். ஒரு முனையால வாரலாம், மறு முனையால எழுதலாம். அதுக்கு அடுத்த படிதான் நம்ம மடக்கெழுத்தாணி. ரெண்டு பக்கமும் கூரா இருக்கற ஒரு சாமானை இடுப்புல வச்சுக்கிட்டு நடந்தா என்ன ஆகும்னு யோசிங்க. மடக்கற வசதி எதுக்கு வந்துச்சுன்னு உடனே புரிஞ்சிடும்.

எழுதற விதமும் வேற மாதிரி. இடது கையில ஓலை. இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதுல பிறை மாதிரி சின்னதா ஒரு பள்ளம் வெட்டி வச்சிருப்பாங்க. எழுத்தாணி அந்தப் பள்ளத்துல நிக்கும். அப்படியே ஓலையை நகர்த்திக்கிட்டே கீறிக்கிட்டுப் போவாங்க. மை அப்புறம்தான். கரியும் இலைச்சாறும் கலந்து ஓலை மேல பூசித் துடைச்சா, கீறின இடத்துல மட்டும் கறுப்பு தங்கும். அழுத்தினா ஓலை கிழியும், அழுத்தலைன்னா எழுத்து தெரியாது. ஏடுகள்ல மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வச்சிருக்க மாட்டாங்க. பின்னாடி அதைப் படிச்சுப் பதிப்பிச்சவங்க பட்ட பாட்டுல பாதி அதனாலதான்.

வார்த்தையில ஒட்டிக்கிட்ட கத்தி

கருவி போயிடுச்சு, ஆனா அது மொழியில தடம் விட்டுட்டுப் போயிருக்கு. பழைய தமிழ்ல நறுக்குன்னா சின்ன ஓலைத் துண்டு, அதுல எழுதின சீட்டு. வெட்டி எடுத்ததால நறுக்கு. முறின்னாலும் எழுதிக் கொடுத்த பத்திரம். துண்டு போட்டதால முறி. ஆவணத்துக்கு நாம வச்ச பேர்லயே கத்தி இருக்கு, கவனிச்சீங்களா?

இங்கிலீஷ்லயும் இதே கதைதான். பேனாக்கத்தின்னு சொல்றோமே, அது பென்நைஃப்ங்கற வார்த்தையோட நேர் தமிழ். அந்தக் கத்திக்கு ஏன் பேனா பேரு? ஐரோப்பாவுல வாத்து இறகை வெட்டிப் பேனாவா எழுதினாங்க. முனை மழுங்க மழுங்கச் சீவணும். அதுக்காகக் கூடவே வச்சுக்கிட்ட குட்டிக் கத்திதான் பென்நைஃப். அங்க பேனாவைச் சீவக் கத்தி, இங்க ஓலையைச் சீவக் கத்தி. எழுதறவங்க பாக்கெட்லயும் இடுப்புலயும் கத்தி இருந்தது ரெண்டு ஊர்லயும் சாதாரணம். கேரளத்துல நாராயம்னு சொல்ற எழுத்தாணியையும் இப்படித்தான் கத்தியோட சேர்த்து இடுப்புல செருகினாங்க.

கல்வெட்டுக்கு முன்னாடி ஒரு ஓலை

எனக்கு ஊர் விருத்தாசலம். பழைய பேரு திருமுதுகுன்றம். விருத்தகிரீஸ்வரர் கோயிலை 10ஆம் நூற்றாண்டுல செம்பியன் மாதேவி கல்லால எடுத்துக் கட்டினாங்க. சுவரெல்லாம் கல்வெட்டு. கல்லைப் பார்க்கறப்போ நாம உளியைத்தான் நினைக்கறோம். ஆனா சோழர் காலத்துல ராஜாவோட வாய்மொழி உத்தரவு முதல்ல ஓலையிலதான் ஏறும். அதை எழுதற அதிகாரிக்கே திருமந்திர ஓலைன்னு பேரு. கல்லுக்கும் செம்புக்கும் போறதெல்லாம் அதுக்கு அப்புறம். 17ஆம் நூற்றாண்டுல சிவப்பிரகாசர் எங்க ஊர் மேல பாடின பழமலை அந்தாதியும் அச்சுக்கு வர்ற வரைக்கும் ஓலையிலதான் கை மாறிக்கிட்டிருந்துச்சு. ஓலை ரொம்ப காலம் தாங்காது. செல்லரிக்கும், ஒடியும். அதனால தலைமுறைக்குத் தலைமுறை யாராவது உக்காந்து புதுசா ஓலை வாரி, பழசைப் பார்த்துப் படி எடுக்கணும். நம்ம கைக்கு வந்த ஒவ்வொரு பழைய நூலுக்குப் பின்னாடியும் பேர் தெரியாத பல கத்திகள் இருக்கு.

யார் இடுப்புல இருந்துச்சு?

இதுவரைக்கும் கேட்டா அழகான கதை மாதிரி இருக்கும். இப்போ கொஞ்சம் கசப்பான பகுதி.

இந்தக் கருவியை தினமும் வச்சிருந்தவங்க யார்? புலவர்கள், திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார்கள், கோயில் கணக்கு, மடத்துக் கணக்கு எழுதினவங்க. இவங்க எல்லாரையும் விட ஊருக்கு நேரடியா சம்பந்தப்பட்டவர் கிராமத்துக் கணக்குப்பிள்ளை, அதாவது கர்ணம். யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு விளைஞ்சது, எவ்வளவு வரி பாக்கி எல்லாம் அவர் எழுதறதுதான். எழுதினதைப் படிக்கத் தெரியாத விவசாயி அதை எப்படிச் சரி பார்ப்பார்? அவருக்கு முன்னாடி அந்த மடக்கெழுத்தாணி பிரியறப்போ, அதுல எந்தப் பக்கம் அதிகக் கூர்மைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் திண்ணைப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் மூடித்தான் இருந்துச்சு. இரும்பைக் காய்ச்சி எழுத்தாணி அடிச்சுக் கொடுத்த கொல்லருக்கோ, மரம் ஏறி ஓலை இறக்கினவருக்கோ அதால எழுதத் தெரிஞ்சிருக்கணும்னு யாரும் நினைக்கல. கருவியைச் செய்யறவங்க ஒரு பக்கம், அதை இடுப்புல செருகறவங்க இன்னொரு பக்கம்.

காகிதம் வந்த பிறகும் இந்த அமைப்பு போகல. கர்ணத்தோட கையில ஓலைக்குப் பதில் ரிஜிஸ்டர், எழுத்தாணிக்குப் பதில் பேனா, அவ்வளவுதான். வேலை பரம்பரையாவே வந்துச்சு. 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை ஒழிச்சுது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1982ல சட்டம் செல்லும்னு தீர்ப்பாச்சு. இன்னிக்கு நாம பார்க்கற வி.ஏ.ஓ. அப்படித்தான் வந்தார். எழுத்தாணி மறைஞ்சு பல வருஷம் கழிச்சுத்தான் எழுத்தாணியோட அதிகாரம் மறைய ஆரம்பிச்சுது.

எங்கே போச்சு?

கருவியை ஒழிக்கச் சட்டம் எதுவும் தேவைப்படல. 19ஆம் நூற்றாண்டுல பர்மிங்காம்லேருந்து எஃகு நிப்பு மலிவா கொட்டுச்சு. காகிதம் பெருகுச்சு, அச்சு பரவுச்சு. ஓலை வார வேண்டாம்னா கத்தி வேண்டாம், கீற வேண்டாம்னா எழுத்தாணியும் வேண்டாம். ரெண்டு வேலையும் ஒண்ணா வந்த மாதிரியே ஒண்ணாப் போச்சு. பேனாக்கத்தியாவது பேனாவை விட்டுட்டுப் பென்சில் சீவி, பழம் நறுக்கிப் பிழைச்சுக்கிச்சு. நம்ம மடக்கெழுத்தாணிக்கு வேற வேலை கிடைக்கல.

ஆனா இந்த வடிவம் முழுசா சாகலன்னு எனக்குத் தோணுது. விருத்தாசலம்னா பலருக்கும் பீங்கான்தான். பக்கத்துல நெய்வேலி, சுரங்கத்துல பழுப்பு நிலக்கரிக்கு மேல கிடைக்கற களிமண், பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கற அரசு கல்லூரி, வரிசையா பட்டறைகள். அச்சுலேருந்து வெளிய வர்ற பிள்ளையார் பொம்மையில ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல ஒரு கோடு துருத்திக்கிட்டு நிக்கும். சூளைக்குப் போறதுக்கு முன்னாடி அதைச் சுரண்டணும். ஒரு பட்டறையில ஒரு அக்கா கையில வச்சிருந்த கருவியை வாங்கிப் பார்த்தேன். உடைஞ்ச ஆக்ஸா பிளேடு. ஒரு முனையை கத்தி மாதிரி தீட்டியிருந்தாங்க, மறு முனையை ஊசி மாதிரி. ஒரு பக்கத்தால ஓரத்தைச் சீவறாங்க, திருப்பிப் பிடிச்சுப் பிள்ளையாருக்குக் கண்ணு கீறறாங்க. "இது எங்கக்கா வாங்கினது?"ன்னு கேட்டேன். "வாங்கறதா? என் கைக்கு நானே தீட்டிக்கிட்டேன்"னாங்க. வாரெழுத்தாணியைப் பத்தி அவங்க கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்ல. சீவவும் கீறவும் வேண்டிய கை, மறுபடியும் அதே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கு. ஒரு வித்தியாசம் உண்டு. இங்க செஞ்சவங்களும் பயன்படுத்தறவங்களும் ஒரே ஆள்.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். ஏடுகளோட அருமையை உ.வே.சா. மாதிரியானவங்க நமக்குப் புரிய வச்சிட்டாங்க. ஆடிப்பெருக்குல ஆத்துல விட்டதுபோக, நெருப்புல போட்டதுபோக, மிச்சம் இருக்கறது நூலகங்கள்ல இருக்கு. ஆனா அதை எழுதின கருவிகள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ பரண்ல, பழைய டிரங்குப் பெட்டியில கொஞ்சம் துழாவிப் பாருங்க. கைப்பிடிக்குள்ள ரெண்டு பக்கமும் ஏதோ மடிஞ்சு, துருப்பிடிச்சு, என்னன்னே புரியாத ஒரு சாமான் கிடைச்சா எடைக்குப் போட்டுடாதீங்க. ஒரு போட்டோ எடுத்துட்டு, வீட்டுப் பெரியவங்ககிட்ட அது யாரோடதுன்னு கேளுங்க. அவங்க என்ன எழுதினாங்க, யாரைப் பத்தி எழுதினாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.