இடைநிலை மருத்துவப் பராமரிப்பு, அமெரிக்கா

இடைநிலை மருத்துவப் பராமரிப்பு என்பது, மருத்துவமனையில் தங்கவேண்டிய கட்டத்தைக் கடந்தும் வீடு திரும்பும் அளவுக்குத் தேறாத நோயாளிகளுக்குத் தரப்படும் குறுகியகாலச் சிகிச்சை. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் இது தேவைப்படும். சிரைவழி மருந்து, புண் பராமரிப்பு, பிசியோதெரபி ஆகியவை இதில் அடங்கும். அமெரிக்காவில் பெரும்பாலும் செவிலியர் பராமரிப்பு இல்லங்களே இதை வழங்குகின்றன.

தோற்றம்

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 1983இல் மருத்துவமனைகளுக்கு நோய்வகைவாரியாக முன்கூட்டியே தொகையை நிர்ணயித்தது. நோயாளி கூடுதல் நாள் தங்கினாலும் தொகை பொதுவாக உயராததால், மருத்துவமனைகள் விரைவாக அனுப்பிவைத்தன. எஞ்சிய சிகிச்சை செவிலியர் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தது.

செலவு

இவ்வில்லங்கள் முன்பு ஆகும் செலவுக்கேற்ப மெடிகேரிடமிருந்து பணம் பெற்றுவந்தன. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1998 ஜூலை முதல் நாளொன்றுக்கு இவ்வளவு என்ற முறை வந்தது. தெரபி நிமிடங்கள் கூடினால் தொகையும் கூடியதால் தெரபி பெருகியது. 2019 அக்டோபரில் நோயாளியின் உடல்நிலையே அடிப்படையானது. தெரபி நேரம் குறைந்தது.

மருத்துவமனையில் தொடர்ந்து 3 நாள் உள்நோயாளியாக இருந்தவருக்கே மெடிகேரின் வழக்கமான திட்டம் இச்செலவை ஏற்கும். கண்காணிப்பில் வைக்கப்பட்ட நாள்கள் கணக்கில் சேரா. முதல் 20 நாளுக்கு நோயாளி எதுவும் செலுத்த வேண்டியதில்லை. 21 முதல் 100ஆம் நாள்வரை தம் பங்கைச் செலுத்த வேண்டும். 2024இல் அது நாளொன்றுக்கு 204 டாலர். அதன்பின் முழுச் செலவும் அவருடையது.

தரம்

1987ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், ஒவ்வொருவரின் நிலையையும் மதிப்பிட்டுத் தனிப் பராமரிப்புத் திட்டம் வகுப்பதைக் கட்டாயமாக்கியது. 2008 முதல் இல்லங்களுக்கு 5 நட்சத்திர மதிப்பீடு வெளியிடப்படுகிறது. நேரடி ஆய்வு, பணியாளர் எண்ணிக்கை, தர அளவீடுகள் ஆகியவை இதற்கு அடிப்படை. தர அளவீடுகளில் பல, இல்லங்கள் தாமே தரும் தகவல்கள் என்பது நீண்டகாலக் குறை. பணியாளர் விவரம் 2018 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படுகிறது.

அதே ஆண்டு அக்டோபரிலிருந்து, மெடிகேர் தரும் தொகையில் 2 விழுக்காடு பிடித்தம் செய்யப்படுகிறது. நோயாளிகள் 30 நாளுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேராமல் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு இதன் பெரும்பகுதி ஊக்கத்தொகையாகத் திரும்பிச் செல்கிறது.

மதிப்பீடு

மெடிகேர் செலவு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவதற்கு, மருத்துவமனைக்குப் பிந்தைய பராமரிப்பே முதன்மைக் காரணம் என 2013இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனத்தின் (Institute of Medicine) அறிக்கை கண்டது. ஒரு நாள் செலவில் இப்பராமரிப்பு மருத்துவமனையைவிட மலிவு. ஆனால் நோயாளி தேறாமல் மீண்டும் மருத்துவமனைக்கே திரும்பினால் அந்த மிச்சம் நிலைப்பதில்லை.