மாண்ட்ரியல் டீமைத் துரத்தியது குளிரா?

இன்றைக்கு ஒரே ஒரு கேள்வி. ஏப்ரலில்கூடப் பனி கொட்டுகிற ஊருக்கு மேஜர் லீக் பேஸ்பால் அணி சரிப்பட்டு வருமா? "கனடாவுல மாண்ட்ரியலைப் பாருங்க, அந்தக் குளிர்ல எவன் மேட்ச் பார்ப்பான், அதான் டீமே போயிடுச்சு" என்று சொல்பவர்கள் நிறைய பேர். எனக்கு அந்தப் பதில் மேல் சந்தேகம். ஆபீஸில் சர்வர் படுத்துவிட்டால் எல்லோரும் முதலில் நெட்வொர்க்கைத்தான் திட்டுவார்கள். லாகைத் திறந்து பார்த்தால் காரணம் வேறெங்கோ இருக்கும். இங்கேயும் லாகைத் திறப்போம்.

குளிர் ஒரு பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு சீசனில் ஒரு அணிக்கு 162 ஆட்டம், அதில் பாதி, அதாவது 81, சொந்த ஊரில். ஏப்ரலிலும் ஆடியாக வேண்டும். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம், அடித்த பந்து அவ்வளவு தூரம் போகாது. பந்து வீசுபவருக்கு விரல் மரத்துப்போகும், பிடி கிடைக்காது. ஆனாலும் 1977 ஏப்ரல் 7 அன்று டொராண்டோவில் என்ன நடந்தது தெரியுமா? ப்ளூ ஜேஸ் அணியின் முதல் ஆட்டம், மைதானம் பூராவும் பனி. ஹாக்கி அரங்கில் ஐஸைச் சமன் செய்யும் ஜாம்போனி வண்டியைக் கடன் வாங்கி வந்து பனியை வழித்தார்கள். அன்றைக்கு வந்த கூட்டம் 44,000-க்கும் மேல்!

இப்போது மாண்ட்ரியல். அந்த ஊரின் எக்ஸ்போஸ், அமெரிக்காவுக்கு வெளியே உருவான முதல் மேஜர் லீக் அணி. 1969-இல் ஜாரி பார்க் என்ற சின்ன மைதானத்தில் ஆரம்பித்து, 1977-இல் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போனது. 1979, 1980, 1982, 1983 ஆகிய நாலு சீசனிலும் 20 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். அந்த நாலு வருஷமும் மாண்ட்ரியல் ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளந்ததா என்ன? அதே ஊர், அதே குளிர்.

அப்போ என்னதான் ஆச்சு? முதலில் ஸ்டேடியம். பக்கத்துக் கோபுரத்திலிருந்து கேபிள் வைத்துத் தூக்குகிற கூரை என்பது பிளான். ஒலிம்பிக்ஸ் நடந்தது 1976-இல், கூரை வந்தது 1987-இல். வந்த பிறகும் கிழிந்துகொண்டே இருந்தது. 1991-இல் 55 டன் கான்கிரீட் பாளம் ஒன்று கீழே விழ, மிச்ச சீசனை அணி வெளியூர்களிலேயே ஆடி முடித்தது. ஸ்டேடியக் கடனை ஊர் அடைத்து முடித்தது 2006-இல்தான், அதாவது அணி போன பிறகு.

அடுத்து 1994. எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி. மொத்த மேஜர் லீகிலும் அவர்கள்தான் முதலிடம். ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஆட்டக்காரர்கள் ஸ்டிரைக், சீசன் அதோடு காலி, வேர்ல்ட் சீரிஸும் ரத்து. அடுத்த ஏப்ரலில், சில நாட்களுக்குள், லாரி வாக்கர் உட்பட நாலு முக்கிய ஆட்டக்காரர்களை அணி இழந்தது. வருமானம் கனடா டாலரில், சம்பளம் அமெரிக்க டாலரில். நகர மையத்தில் புது மைதானம் வேண்டும் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிகளை மூடும் நேரத்தில் இதற்கு அரசுப் பணம் தர முடியாது என்றார் கியூபெக் முதல்வர் லூசியன் பூஷார். 2000-இல் ஆங்கிலத்தில் டிவி, ரேடியோ ஒளிபரப்புகூட இல்லை. 2002-இல் அணியை லீகே வாங்கியது. அடுத்த இரண்டு வருஷமும் 22 'சொந்த ஊர்' ஆட்டங்கள் போர்ட்டோ ரிக்கோவில்! சொந்த ஊரில் கடைசி ஆட்டம் 2004 செப்டம்பர் 29. 31,000-க்கு மேல் ரசிகர்கள் வந்து வழியனுப்பினார்கள். 2005-இல் அணி வாஷிங்டனில்.

இதில் குளிர் எங்கே இருக்கிறது, சொல்லுங்க.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஊர் வேண்டுமே. மினியாபோலிஸ், மினசோட்டா ட்வின்ஸ். குளிரில் மாண்ட்ரியலுக்குச் சளைத்த ஊர் இல்லை. 2001 நவம்பரில் இரண்டு அணிகளை இழுத்து மூடலாம் என்று உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். அதிகம் அடிபட்ட பெயர்கள் மாண்ட்ரியலும் மினசோட்டாவும். மினசோட்டாவைக் காப்பாற்றியது ஒரு கோர்ட் உத்தரவு: மைதானக் குத்தகை இருக்கிறது, 2002-இல் ஆடியே ஆக வேண்டும். பிறகு ஹென்னபின் கவுண்டி விற்பனை வரியை 100 டாலருக்கு 15 சென்ட் ஏற்றியது, அதுவும் மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல். அந்தப் பணமும் சேர்ந்து எழுந்த டார்கெட் ஃபீல்ட், 2010-இல் திறந்தது. கூரையே கிடையாது, புல்தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய்கள். முதல் வருஷமே 32 லட்சம் பேர். மறுபக்கம், எக்ஸ்போஸை விற்ற ஜெஃப்ரி லோரியா, வெயில் ஊரான மயாமியில் மார்லின்ஸ் அணியை வாங்கினார். அங்கே பல வருஷம் ஸ்டேடியம் காத்தாடியது.

ஆக, குளிர் ஒரு செலவு. கூரை போடலாம், தரையைச் சூடாக்கலாம். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் சண்டை. மினசோட்டாவில் கடையில் சோப்பு வாங்கியவர்களும் சேர்ந்து கட்டினார்கள். கியூபெக் மாட்டேன் என்றது. பூஷார் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியா மைதானமா என்று கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அது ஒரு அரசியல் முடிவு, அதற்குப் பெயர் வானிலை இல்லை.

கடைசியாக ஒரு தகவல். டாம்பா பே ரேஸ் அணி, குளிர் மாதங்களை ஃப்ளோரிடாவிலும் கோடையை மாண்ட்ரியலிலும் ஆடலாம் என்று ஒரு திட்டம் போட்டது. குளிர் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிட்டது. 2022 ஜனவரியில் லீக் அதையும் வேண்டாம் என்றது. அடுத்த தடவை யாராவது "குளிர்தான் காரணம்" என்றால், இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக் காட்டுங்க.